மலையைப் பூட்டி வைக்க முடியுமா?

மான்செஸ்டரிலிருந்து ஷெஃபீல்டு போகிற ரயிலில் வந்து, எடேல் என்ற குட்டி ஸ்டேஷனில் இரண்டு பேர் இறங்குகிறார்கள். ஒருவர் இங்கிலாந்தைச் சுற்றிப் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர். முந்தின ராத்திரி ஹாஸ்டல் சமையலறையில்தான் பழக்கம். பையில் சாண்ட்விச், ஃபிளாஸ்கில் டீ, கையில் மேப். கிண்டர் ஸ்கௌட் மலையில் ஏறி இறங்கி சாயந்திர ரயிலைப் பிடிப்பதாகத் திட்டம். உயரம் 636 மீட்டர்தான். ஆல்ப்ஸ்காரன் கேட்டால் சிரிப்பான்.

பாதி வழியில் டீ குடிக்க உட்கார்ந்து மேப்பை விரித்தார்கள். அதில் சில இடங்களுக்கு மட்டும் லேசாக மஞ்சள் பூசியிருக்கிறது. "இது என்ன மஞ்சள்?" என்று கேட்டது வெளிநாட்டுக்காரர் இல்லை, ஸ்காட்லாந்துக்காரர்! பாதையை விட்டு விலகி இஷ்டம்போல நடக்க சட்டம் அனுமதித்திருக்கிற நிலம்தான் மஞ்சள். மஞ்சள் இல்லாத இடத்தில் பொதுப் பாதையிலேயே போகவேண்டும். பாதையை விட்டுக் காலை வைத்தால் அத்துமீறல். ஸ்காட்லாந்து மேப்பில் இந்த மஞ்சளே கிடையாது, தேவையும் இல்லை. அங்கே 2003-ல் போட்ட சட்டப்படி, வீட்டுத் தோட்டம், பயிர் நிற்கிற வயல் மாதிரி இடங்களை விட்டுவிட்டு, ஒழுங்காக நடந்துகொள்கிற யாரும் எங்கேயும் நடக்கலாம். ஒரே நாட்டுக்குள் ஒரு கோட்டைத் தாண்டினால் காலுக்கு இருக்கிற உரிமை மாறுகிறது.

இந்த மாதிரி மலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் என்ன நினைக்கிறார்கள்? அழகான மலை, சும்மா கிடக்கிறது, யாரும் டிக்கெட் கேட்கவில்லை, இயற்கையின் கொடை. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. அந்த மஞ்சள் நிறத்துக்கு ஜெயிலுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

1932-ல் கிண்டரின் மேல்பகுதி கிரவுஸ் வேட்டைக்காடு. கிரவுஸ் என்பது கவுதாரிக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி ஒரு பறவை. வருஷத்தில் ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரைதான் அதைச் சுடலாம். அதிலும் பிரபுக்களும் விருந்தாளிகளும் துப்பாக்கியோடு வருவது கொஞ்ச நாள்தான். அதற்காக வருஷம் முழுக்க மலைக்குக் காவல். கீழே மான்செஸ்டரிலும் ஷெஃபீல்டிலும் ஆலைப் புகையில் வேலை பார்த்தவர்களுக்கு நடக்கக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்று. அண்ணாந்து பார்த்தால் மலை. போனால் காவலாள் தடியோடு நிற்பான்.

அந்த வருஷம் ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. ஹேஃபீல்டு பக்கமிருந்து சுமார் 400 பேர் சொல்லிவிட்டே ஏறினார்கள். எடேல் பக்கமிருந்து ஷெஃபீல்டுக்காரர்கள் ஒரு சின்னக் கூட்டமாக வந்து மேலே சேர்ந்துகொண்டார்கள். முன்னால் நின்ற பென்னி ராத்மனுக்கு வயது 20. அதாவது பி.காம். மூன்றாம் வருஷம் படிக்கிற வயது! காவலாட்களோடு கைகலப்பு ஆனது, ஒரு காவலாளுக்கு அடிபட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அத்துமீறல் அந்த ஊர் சட்டத்தில் சிவில் விவகாரம், அதற்கு ஜெயில் கிடையாது. அதனால் கலவரம் என்று வழக்குப் போட்டார்கள். டெர்பி நகரில் விசாரணை. 5 பேருக்கு 2 மாதத்திலிருந்து 6 மாதம் வரை சிறை, ராத்மனுக்கு 4 மாதம். நடைப்பயணச் சங்கங்களின் பெரிய தலைகளே அந்தப் பையன்களைத் திட்டின என்பது தனி வேடிக்கை.

2002-ல், 70-வது வருஷ விழாவில், அந்த வேட்டைக்காட்டின் அப்போதைய சொந்தக்காரரான டெவன்ஷையர் டியூக்கின் பேரன் மேடையேறி, தாத்தா செய்தது தப்பு என்று மன்னிப்புக் கேட்டார். ராத்மன் அதற்கு மூன்று மாதம் முன்னால்தான் இறந்திருந்தார்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இங்கே கை அரிக்கும். சொத்து என்றால் சொத்துதானே, காசு போட்டவன் பூட்டுப் போடுவான், இதில் என்ன நியாயம் பேசுகிறீர்கள் என்று. ஆனால் சொத்துரிமை என்பது ஒற்றைப் பொருள் இல்லை, ஒரு கட்டு விறகு. விற்பது, வாடகைக்கு விடுவது, ஆடு மேய்ப்பது, பிள்ளைக்கு எழுதி வைப்பது எல்லாம் தனித்தனிக் குச்சி. 'யாரும் உள்ளே வராதே' என்பதும் ஒரு குச்சி, அவ்வளவுதான். ஸ்காட்லாந்து உருவியது அந்த ஒன்றை மட்டும். அங்கே இன்றைக்கும் எஸ்டேட்டுகள் விலைக்குப் போகின்றன, வாங்க ஆளும் இருக்கிறது. ஸ்வீடனில் இது 1994 முதல் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. ஸ்வீடன் என்ன திவாலாகிவிட்டதா?

அடுத்த வாதம் ரெடியாக இருக்கும். எல்லாரும் மிதித்தால் பொது நிலம் நாசமாகும், ஹார்டின் 1968-லேயே எழுதிவிட்டார் என்று. அதற்குப் பதில் சொன்ன எலினோர் ஆஸ்ட்ரம் 2009-ல் பொருளாதார நோபல் வாங்கினார், அது மட்டும் ஏனோ யாருக்கும் ஞாபகம் வராது. அது போகட்டும். கிண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கிற கரிச்சேற்று நிலத்தில் பாசி செத்து மண் கறுப்பாக வெளியே தெரிந்ததற்குப் பெரிய காரணம் நூறு வருஷத்துக்கும் மேலாக ஆலைப் புகைபோக்கிகள் கக்கிய அமிலம். அதோடு தீ, அளவுக்கு மீறிய ஆட்டு மேய்ச்சல். புகை மலைமேல் ஏறினபோது எந்தக் காவலாளும் தடியோடு நின்று தடுக்கவில்லை. நடக்கிறவர்களால் பாதை தேய்வது நிஜம்தான். அதற்கு வழி கண்டுபிடித்தார்கள். இடித்த பஞ்சாலைகளின் தரைக் கற்களை எடுத்து வந்து பென்னைன் வே பாதையில் பதித்தார்கள். ஆலைத் தொழிலாளி நின்று வேலை பார்த்த கல்மேல் இன்றைக்கு டூரிஸ்ட் நடக்கிறான். நாய்க்கும் சட்டம் இருக்கிறது. பறவைகள் முட்டையிடும் காலமான மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை இந்த மஞ்சள் நிலங்களில் அதைக் குட்டைக் கயிற்றில்தான் கூட்டிப்போக வேண்டும். பூட்டுக்கும் நாசத்துக்கும் நடுவில் இவ்வளவு இடம் இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் 2000-ம் வருஷச் சட்டம் இங்கிலாந்தில் திறந்துவிட்டது சுமார் 8 சதவீத நிலம். அதிலும் சில மஞ்சள் துண்டுகளைச் சுற்றித் தனியார் நிலம், போய்ச்சேரப் பாதையே கிடையாது. ஹெலிகாப்டரில் போய் நடக்கச் சொல்கிறார்களோ என்னவோ! இருக்கிறதையும் பறிக்கப் பார்க்கிறார்கள். டார்ட்மூரில் கூடாரம் போட்டுத் தூங்கும் உரிமை இல்லை என்று நில உரிமையாளர்கள் 2023 ஜனவரியில் தீர்ப்பு வாங்கினார்கள். அப்பீல் கோர்ட்டில் அதே ஜூலையில் அது கவிழ்ந்தது. கடைசியில் 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டும் மக்கள் பக்கம் சொன்னது. புல்லில் படுத்துத் தூங்க சுப்ரீம் கோர்ட் வரை போகவேண்டியிருக்கிறது.

நம் இரண்டு பேரும் கிண்டர் டவுன்ஃபால் அருவி வரை போனார்கள். மேற்குக் காற்று பலமாக அடித்தால் அங்கே தண்ணீர் விழாமல் மேல்நோக்கிப் பறக்கும். அன்றைக்கும் பறந்தது, இருவரும் தொப்பலாக நனைந்தார்கள். இறங்கும்போது ஒரு கல்சுவர் வந்தது. சுவருக்கு அப்பால் வெறும் புல்வெளி. குறுக்கே போனால் ஸ்டேஷன் பத்து நிமிஷம். ஸ்காட்லாந்துக்காரர் மேப்பைப் பார்த்தார். மஞ்சள் சுவரோடு நின்றிருந்தது. வாய்க்குள் எதையோ முணுமுணுத்தபடி பாதை வழியாகவே சுற்றிக்கொண்டு போனார்கள். ரயில் போய்விட்டது.