உச்சிவரை ஒரு நடை

தாயுமானவரைத் தரிசித்துவிட்டுத் திரும்புவதே அன்றைய எண்ணம். அயல்நாட்டிலுள்ள எங்கள் பேத்திக்கு இது பேறுகால மாதம். உடனிருக்க வேண்டிய மகளுக்கோ விசா இன்னும் வந்தபாடில்லை.

இரத்தினாவதியின் கதையை வாசக அன்பர்கள் அறிவீர்கள். காவிரி பெருக்கெடுத்ததால் தாய் அக்கரையிலேயே தங்கிவிட, ஈசனே அவள் வடிவில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து பெற்றவள் வாசலில் வந்து நின்ற பிறகே, உள்ளிருந்தவர் யாரென்று விளங்கிற்று. மட்டுவார்குழலி அம்மை சன்னதியில் என் இல்லாள் நெடுநேரம் கண்மூடி நின்றாள். வெளியே வந்ததும், "இவ்வளவு தூரம் ஏறிவிட்டோமே, பிள்ளையாரையும் பார்த்துவிடலாமா?" என்றாள். வயது 72; இரவில் முழங்காலுக்குத் தைலம் தேய்க்காமல் உறங்காதவள். மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

வழியில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயில். கங்கையைச் சடையில் தாங்கும் பெருமானின் சிற்பம் அங்கே உள்ளது. நாங்கள் நின்றது மூச்சு வாங்கத்தான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

உச்சிப் பிள்ளையாரின் நெற்றியில் விபீஷணன் குட்டிய வடு உண்டென்பார்கள். அரங்கன் திருமேனியை மாடு மேய்க்கும் சிறுவனிடம் கொடுத்துவிட்டு அவன் நீராடப் போக, சிறுவன் அதை மணலில் வைத்துவிட்டு மலையேறி ஓடினான் அல்லவா! ஸ்ரீரங்க மாகாத்மியம் தர்மவர்ம சோழனின் பக்தியைப் பெரிதாகப் பேசும். பாட்டிமார் கதையிலோ எல்லாம் பிள்ளையாரின் வேலை. எனக்குப் பாட்டிமார் பக்கமே சாய்வு.

வெளியே வந்து வடக்கே நோக்கினோம். கீழே காவிரி, அதற்கப்பால் தென்னஞ்சோலைகளுக்கு மேல், 1987இல் நிறைவுற்ற 236 அடி இராஜகோபுரம், வலப்புறம் திருவானைக்கா, பின்னால் வெள்ளைக் கோடாகக் கொள்ளிடம். இலங்கையை நோக்கிய பார்வையுடன் அரங்கன் அங்கே பள்ளிகொண்டிருக்கிறான். பிள்ளையார் அன்று விளையாடியிராவிட்டால், நமக்கு அவன் ஏது?

அவளோ கோபுரத்தைப் பார்க்கவில்லை. ஆற்றையே பார்த்திருந்தாள்.

"அந்தத் தாய் எந்தத் துறையில் நின்று தவித்தாளோ, பாவம்" என்றாள்.

எனக்கு விடை தெரியவில்லை. கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கினோம். தாயுமானவர் சன்னதியருகே அவள் மீண்டும் நின்றாள். குழந்தை பிறந்ததும் வாழைத்தாரோடு வருவதாக நேர்ந்துகொண்டாளாம்.

"தாரை யார் சுமப்பது?" என்று கேட்டேன்.

"நீங்கள்தான்" என்றாள்.