முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்!



வத்திராயிருப்புப் பக்கம் மாட்டுத் தொழுவத்தில் தூசி படிந்து கிடக்கும் பழைய யெஸ்டியைக் கண்டால் நமக்குக் கை சும்மா இருக்காது. இழுத்து வந்து கார்புரேட்டரைக் கழுவி, பிளக் மாற்றி, நாலு உதை உதைத்தால் உயிர் வந்துவிடும். அடுத்து என்ன? பெயிண்ட், ஸ்டிக்கர், கிருஷ்ணன்கோவில் வரை ஒரு ரவுண்டு! இங்கேதான் தப்புப் பண்ணுகிறோம் என்பேன்.

மைசூர் ஆலையில் யெஸ்டி தயாரிப்பு 1996-ல் நின்றது. அந்த வண்டிகளில் இளையதே நமக்கு அண்ணன்! டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆக்சிலேட்டரை விட்டாலும் வேகம் லேசில் குறையாது. பாரமெல்லாம் டிரம் பிரேக் தலையில்தான். வேகம் 2 மடங்கானால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் 4 மடங்கு. இதைப் பரீட்சையில் எழுதுகிறோம், ஷெட்டில் மறக்கிறோம்.

ஆகவே முதல் செலவு பிரேக் ஷூவுக்கும் கேபிளுக்கும். லைனிங் பசை விட்டிருக்கிறதா, லீவர் பக்கம் கேபிள் இழை பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். டயரில் பட்டன் தேயாமல் இருந்தால் மட்டும் போதாது. பக்கவாட்டில் வெடிப்பு கண்டால் மாற்றிவிடுங்கள். ஸ்போக், கோன்செட், செயின், பெட்ரோல் டியூப், விளக்கு எல்லாம் அடுத்தடுத்து. 15 வருடம் தாண்டிய வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டிப் பதிவைப் புதுப்பிக்காமல் ரோட்டில் இறக்கக் கூடாது.

"காசு ஏது?" என்பீர்கள். பெயிண்ட்டை அடுத்த வருடம் அடிக்கலாம். ஒரு பிள்ளை குறுக்கே ஓடி வந்தால் காப்பாற்றப் போவது பிரேக்தானே!