குலைக்காலத்துக்கும் குளம் தாங்க வேண்டும்

குலைக்காலம் வந்துவிட்டால் செம்பனை ஆலைக்கு ஓய்வில்லை. வெட்டிய பழத்தை வைத்திருக்க முடியாது. நாள் கடந்தால் எண்ணெயில் அமிலம் ஏறி மதிப்பு இறங்கிவிடும். லாரிகள் வர வர இரவு பகலாக ஆலை ஓடுகிறது. ஒரு டன் எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரை டன் கழிவுநீர் வெளியேறி ஆலைக்குப் பின்னாலுள்ள குளங்களில் சேர்கிறது. சிலாங்கூரில் மழை வலுப்பதும் பெரும்பாலும் குலைக்காலம் வரும் இதே ஆண்டிறுதி மாதங்களில்தான்.

குளத்தில் வேலை செய்பவை நுண்ணுயிர்கள். ஆலையிலிருந்து 80 பாகைச் சூட்டில், பழுப்புக் கூழாக வரும் நீர் முதலில் ஆற வேண்டும். பிறகு காற்றுப் புகாத ஆழ்குளத்தில் ஒரு வகை நுண்ணுயிர் கழிவை அமிலமாக்கும். இன்னொரு வகை அதை மீத்தேனாக்கும். முன்னது மளமளவென்று பெருகும், பின்னது மெல்லத்தான் பெருகும். கழிவு திடீரென்று இரு மடங்கானால் அமிலம் தேங்கி, மீத்தேன் உயிரிகள் முடங்கிவிடும். நாற்றம் அடுத்த லயம் வரை வரும். குளம் தேற வாரக்கணக்கில் ஆகும். போதாக்குறைக்கு மழைவெள்ளமும் புகுந்தால், நீர் தங்கிச் செரிக்க வேண்டிய நாட்கள் குறைந்து, நுண்ணுயிர்களே சேற்றோடு அடித்துச் செல்லப்படும். தூர்வாராத குளத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. செம்பனை ஆலைகளுக்கான 1977-ஆம் ஆண்டு விதிமுறைகள் நல்ல காரியம் செய்தன. லிட்டருக்கு சுமார் 25,000 மில்லிகிராம் உயிர்வேதி ஆக்சிஜன் தேவையோடு (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஆக்சிஜன்) வரும் கழிவை, 1978-இல் 5,000-க்கும் 1984-க்குள் 100-க்கும் இறக்கச் சொன்னவை அவை. ஆனால் அந்த வரம்பு செறிவைத்தான் அளக்கிறது. மழைநீர் கலந்தால் எண் தானாக இறங்கும். 50 மில்லிகிராம் என்று தேறிய நீர் மூன்று மடங்கு பாய்ந்தால், ஆற்றுக்குப் போகும் அழுக்கு 100 மில்லிகிராமில் பாய்வதைவிட அதிகம். காகிதத்தில் மட்டும் ஆலை சுத்தம்!

சிலாங்கூர் ஆறு கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரும்பகுதிக்குக் குடிநீர். 2020 செப்டம்பரில் ரவாங்கில் ஒரு தொழிற்சாலைக் கழிவு கலந்ததும் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, பத்து லட்சத்துக்கும் மேலான வீடுகளிலும் கடைகளிலும் குழாய் வறண்டது. அது செம்பனைக் கழிவல்ல. ஆனால் ஆறு எவ்வளவு தாங்கும் என்பதை அன்றே பார்த்துவிட்டோம்.

செலவு தாங்காது என்பார்கள் ஆலைக்காரர்கள். மழைநீரைக் குளத்துக்குள் விடாமல் தனிக் கால்வாயில் திருப்புவதற்கு என்ன பெரிய செலவு? குளத்தைத் தூர்வாரினால் வரும் வண்டலும் தோட்டத்துக்கே உரமாகும். கூடுதல் கழிவைத் தேக்கி அளவோடு விட ஒரு தாங்கு குளம் வெட்டுவதுதான் பணம் பிடிக்கும் வேலை. அரைக்கும் திறனைக் கூட்டிக்கொண்ட ஆலை அதைச் செய்தே ஆக வேண்டும்.

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் இதே சிலாங்கூரில், கோல சிலாங்கூரின் தென்னமராமில்தான் எழுந்தது. நூறாண்டு அனுபவம் கொண்ட தொழிலிடம் இதைக் கேட்பது அதிகமில்லை. சுற்றுச்சூழல் துறை உரிமத்தைப் புதுப்பிக்கும்போது சராசரி நாளை அல்ல, உச்ச நாளைக் கணக்கில் எடுக்கட்டும். செறிவோடு வெளியேறும் மொத்த அளவையும் கேட்கட்டும். அதிகாரிகள் மாதிரி எடுக்க அக்டோபரில், மழை பெய்த மறுநாள் வரட்டும்.