அடித்த கையை யார் பார்த்தார்?

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது எமது முன்னோர் மொழி. விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளிப் பருவத்திலிருந்தே அதனைக் கேட்டு வளர்ந்தோம். அம்மி நகர்ந்த செய்தி மட்டுமே அதில் உண்டு. அடித்த கை என்னவாயிற்று என்று எவரும் கேட்டதில்லை. வளைகுடா நாடுகளில் எமது மக்களின் உழைப்பைப் பற்றி எண்ணும் போதெல்லாம் இக்கேள்வியே என்முன் வந்து நிற்கிறது.

வளைகுடாத் தொழிலாளரின் உடல்நலம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வெயிலைப் பற்றியே பேசுகின்றனர். அதில் தவறில்லை. வெயில் ஆளைக் கொல்லும். ஐக்கிய அரபு எமிரேட்ஸ் 2005ஆம் ஆண்டில் நண்பகல் வேலைத் தடையைக் கொண்டுவந்தது. இன்று அங்கே ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை, பிற்பகல் 12.30 தொடக்கம் 3 மணி வரை திறந்த வெளியில் நேர்வெயிலில் வேலை வாங்குவது தண்டனைக்குரியது. கட்டார் 2021இல் இன்னும் ஒருபடி மேலே சென்றது. கோடையில் காலை 10 மணி தொடக்கம் பிற்பகல் 3.30 வரை வெளிவேலையைத் தடைசெய்ததோடு, சூடு, ஈரப்பதம், காற்று ஆகியவற்றைச் சேர்த்து அளக்கும் வெப்பச் சுட்டெண் 32.1 பாகையைத் தாண்டினால் எந்நேரமாயினும் வெளிவேலையை நிறுத்தவேண்டும் எனவும் விதித்தது. இவை வரவேற்கத்தக்க விதிகள். ஆனால் இவை கடிகாரத்தையும் வெப்பமானியையும் பார்க்கின்றன. ஒரே அசைவை ஆயிரம் தடவை செய்யும் கையைப் பார்ப்பதில்லை.

இதனை நான் நூலில் படித்து அறிந்தவனல்லன். நாட்டைவிட்டு வெளியேறிய பின்னர் சில மாதங்கள் ஷார்ஜாவில், கட்டடங்களின் உட்கூரைக்கு வர்ணம் பூசும் குழுவொன்றில் வேலை செய்தேன். அதற்கு முன்னர் என் கை தூக்கிய மிகப் பெரிய பாரம் வெண்கட்டிதான். காலையில் தோளிலிருந்து உருளை சீராக ஓடும். நண்பகலுக்குப் பின்னர் தோள் மெல்ல உயரும். இடுப்பு பின்னே வளையும். குதிகால் நிலத்தைவிட்டு எழும். உடலின் பாரம் மற்றக் காலுக்கு மாறும். இவற்றில் ஒன்றையும் நான் உணரவில்லை. பக்கத்தில் நின்ற கிளிநொச்சித் தம்பிதான் ஒருநாள் சொன்னான்: “அண்ணை, உங்கட தோள் காதோட ஒட்டிப் போச்சு. கொஞ்சம் இறங்கி நில்லுங்கோ.” இறங்கி நின்று கூரையைப் பார்த்தேன். காலையில் பூசியதற்கும் மாலையில் பூசியதற்கும் வேறுபாடு தெரியவில்லை. மேற்பார்வையாளர் முடிந்த அறைகளை எண்ணிவிட்டுத் திருப்தியோடு போனார்.

இங்கேதான் சிக்கல் இருக்கிறது. களைத்த உடல் உடனே வேலையை நிறுத்துவதில்லை. களைப்பை மறைத்து வேலையைத் தொடர்கிறது. எமது மக்கள் பெருந்தொகையாக வாழும் மொன்றியல் நகரத்து ஆய்வாளர்கள் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. வாள் கொண்டு அறுக்கும் வேலையைக் களைக்கும் வரை செய்யவைத்து, உடலின் ஒவ்வொரு மூட்டின் அசைவையும் அவர்கள் அளந்தனர். களைப்பு ஏறியபோது முழங்கையின் அசைவு குறைந்தது. அக்குறையை மணிக்கட்டும் தோளும் முண்டமும் கூடுதலாக அசைந்து ஈடுசெய்தன. வாளின் ஓட்டமோ ஏறத்தாழ முன்போலவே இருந்தது. தோள் உயரத்தில் கையை நீட்டி மீட்டும் வேலையை ஆராய்ந்து 2009இல் வெளிவந்த மற்றோர் ஆய்விலும், களைத்தவரின் தோள் உயர்ந்ததும் உடல் மறுபக்கம் சாய்ந்ததும் பதிவாகியுள்ளன.

ஒரு குடும்பத்தில் தமையன் நோயுற்றால் தம்பி அவனது பங்கையும் சேர்த்துச் சுமப்பதைப் போன்றது இது. வெளியாருக்கு வீடு வழமைபோலவே தெரியும். தம்பியும் படுத்த பின்னரே ஊருக்குச் செய்தி தெரியவரும். வேலையின் அளவை மட்டும் பார்க்கும் மேற்பார்வையாளர் களைப்பைக் காணமாட்டார். வலி வந்த பின்னரே தொழிலாளியும் காண்பார். அப்போது பழுது தோளோடு நிற்காது. கழுத்துக்கும் முதுகுக்கும் இறங்கியிருக்கும்.

பாரமான வேலைக்கு மட்டுமே இது பொருந்தும் என்று எண்ணவேண்டாம். 1991இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் யோரான் ஹேக் ஒரு கருதுகோளை முன்வைத்தார். தசையிலுள்ள மிகச் சிறிய இழைகளே முதலில் வேலைக்கு அழைக்கப்படுகின்றன, இறுதியாகவே விடுவிக்கப்படுகின்றன. எனவே இலேசான வேலையாயினும் ஓய்வின்றித் தொடர்ந்தால் அச்சிறு இழைகள் நலிந்துபோகும் என்பது அவரது கருத்து. எல்லோருக்கும் முன் எழுந்து எல்லோருக்கும் பின் உறங்கிய சின்டரெல்லாவின் பெயரால் அது வழங்கப்படுகிறது. அப்பெயரைக் கேட்டபோது மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வளைகுடா வீடுகளுக்குப் பணிப்பெண்களாகச் சென்ற எமது சகோதரிகளே என் நினைவுக்கு வந்தனர். உடுப்பு அழுத்துவதும் நிலம் துடைப்பதும் குளிரூட்டிய வீட்டுக்குள் நடப்பவை. நண்பகல் தடை அவர்களுக்கு எட்டாது. “பாரமில்லாத வேலைதானே” என்ற ஒரு சொல்லோடு அவர்களின் கை கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறது. மலையகப் பெண்ணுக்கு இது புதிதுமன்று. தோட்டத்தில் கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் விழும். கொழுந்தை நிறுக்கத் தராசு இருந்தது. கையை நிறுக்க ஒன்றும் இருக்கவில்லை.

ஊரில் மண்வெட்டி பிடித்தவர்கள்தாமே, வேலை என்றால் கை வலிக்காதா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் தன் தோட்டத்தில் கொத்துபவன் களைத்தால் நிமிர்வான். வரப்பில் அமர்ந்து வெற்றிலை போடுவான். பின்னர் தண்ணீர் மாறப் போவான். ஒரு தசை ஓய, இன்னொன்று உழைக்கும். கம்பி கட்டுபவனுக்கோ, பெட்டி அடுக்குபவனுக்கோ, கூரை பூசுபவனுக்கோ அந்த உரிமை இல்லை. அவனது கையின் வேகத்தை வேறொருவர் தீர்மானிக்கிறார். வேறுபாடு வேலையில் இல்லை. அதனை நிறுத்தும் உரிமையில் இருக்கிறது.

எமிரேட்சின் 2021ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் இடைவேளையின்றி வேலை வாங்கலாகாது என்கிறது. நிமிடத்துக்குப் பத்துத் தடவை அசையும் கை ஐந்து மணித்தியாலத்தில் மூவாயிரம் தடவை அசைந்துவிடும். அதன்பின் கிடைக்கும் ஒரு மணித்தியாலம் வயிற்றுக்கு உதவும். தோளுக்குக் காலம் கடந்துவிடும். சர்வதேசத் தொழில் நிறுவனம் 2010இல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் மணிக்கட்டு, முழங்கை நோய்கள் இடம்பெற்றுள்ளன. ஆயினும் சாரத்திலிருந்து விழுந்தவனின் விபத்துக்கு நாளும் நேரமும் சாட்சியும் உண்டு. தேய்ந்துபோன தோளுக்கு அவை இல்லை. தொழிற்சங்கம் அமைக்க அனுமதியில்லாத எமிரேட்சிலும் சவூதியிலும் அத்தோளுக்காகப் பேச ஒரு சங்கமும் இல்லை.

கேட்கவேண்டியவை பெரியவை அல்ல. நீண்ட ஓர் ஓய்வோடு, மணிக்கு ஒருதடவை சில நிமிட ஓய்வும் வேண்டும். ஒரே கைவேலையை நாள் முழுவதும் ஒருவருக்கே கொடாது மாற்றிக் கொடுக்கவேண்டும். கை தோளுக்கு மேல் உயராதபடி சாரத்தை உயர்த்துவதற்குச் செலவு அதிகமில்லை. ஆட்களை அனுப்பும் அரசுகளுக்கும் பொறுப்புண்டு. இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985இல் நிறுவப்பட்டது. அனுப்பிய தலைகளையும் வந்த பணத்தையும் எண்ணுவதோடு அதன் கடமை முடிந்துவிடாது. ஓய்வும் வேலைமாற்றமும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். தொழிலாளரும் வலி தொடங்கிய நாளையும் செய்த வேலையையும் ஒரு கொப்பியில் குறித்துவைக்க வேண்டும். விபத்துக்கு இருக்கும் சாட்சி தேய்வுக்கும் அப்போதுதான் கிடைக்கும்.

இறுதியாக, ஐரோப்பாவிலும் கனடாவிலும் ஊரிலும் இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உணவகங்களில் கோப்பை கழுவிய எங்களில் பலருக்கு இவ்வலி தெரியும். தெரிந்தும் ஒருவரோடொருவர் பேசியதில்லை. அடுத்த முறை டுபாயிலிருந்தோ தோகாவிலிருந்தோ தொலைபேசி வரும்போது, காசு அனுப்பியாயிற்றா என்று கேட்பதற்கு முன் கையைத் தூக்க முடிகிறதா என்று கேளுங்கள். சுகம் என்றுதான் பதில் வரும். மீண்டும் ஒருமுறை கேளுங்கள்.