கள்ளச்சாவியால் பூட்டப்படும் வீடுகள்





பூட்டுக்குப் பெயர்பெற்ற மண் நம்முடையது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அலிகாரிலிருந்து மலிவு விலை இயந்திரப் பூட்டுகள் வந்து குவிந்த பின்பும் கைவேலைப் பூட்டைக் கேட்டு வருவோர் இருக்கிறார்கள். ஒரு பூட்டின் சாவி மற்றொரு பூட்டைத் திறக்காது என்ற நம்பிக்கைக்கே அவர்கள் விலை கொடுக்கிறார்கள். அப்படிப்பட்ட வட்டாரத்தில், தாடிக்கொம்பிலும் அதைச் சுற்றிலும் வாழும் நாம், வீட்டுக் கணினிக்குக் காவல் தேடும்போது மட்டும் முகமறியாத ஒருவன் செய்து கொடுத்த கள்ளச்சாவியைப் பெருமையோடு வாங்கி வருகிறோம். ‘ஆயிரம் ரூபாய் ஆன்ட்டிவைரஸ், நமக்குச் சும்மா கிடைத்தது’ என்று அதைப் பிறருக்கும் பென்டிரைவில் பகிர்கிறோம். இந்தப் பழக்கத்தைக் கண்டித்தே இதனை எழுதுகிறோம்.

திருட என்ன இருக்கிறது?

இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் முதலில் வரும் பதில், ‘நம் வீட்டுக் கணினியில் திருடுவதற்கு என்ன இருக்கிறது?’ என்பதாகும். எண்ணிப் பார்ப்போம். பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்காக எடுத்து வைத்த ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்கள் அதில் உள்ளன. வளைகுடாவில் இருக்கும் மகனின் கடவுச்சீட்டு நகல் உள்ளது. குடும்பத்துப் பெண்களின் நிழற்படங்கள் உள்ளன. வீட்டுக்காரர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவரானால் மஹல்லாவின் சந்தாக் கணக்கும், நிக்காஹ் பதிவேட்டின் நகலும், ஜகாத் பெறுவோரின் பட்டியலும் இருக்கக்கூடும்.

வலது கை கொடுப்பதை இடது கை அறியலாகாது என்ற ஒழுக்கத்தோடு பேணப்பட வேண்டிய பட்டியல் அது. அதில் பெயர் உள்ள விதவையும் கடனாளியும் நம் கணினியைத் தேர்ந்தெடுக்கவில்லை, நம்மை நம்பினார்கள். ஆகவே இது நம் சொந்த இழப்போடு முடிகிற செய்தியன்று. பிறருடைய அமானிதம் நம் மேசைமீது இருக்கிறது.

காவலனிடம் எத்தனை சாவிகள்?

பாதுகாப்பு மென்பொருள் மற்ற மென்பொருள்களைப் போன்றதன்று. நச்சுநிரலைப் பிடிக்க வேண்டுமானால் அது எல்லாக் கோப்புகளையும் திறந்து பார்க்க வேண்டும். இயங்கும் நிரல்களைக் கண்காணிக்க வேண்டும். வேண்டியபோது அவற்றை நிறுத்தவும் அழிக்கவும் வேண்டும். இதற்காகக் கணினியின் ஆக உயர்ந்த அதிகாரம் அதற்கு வழங்கப்படுகிறது. வீட்டின் எல்லா அறைச் சாவிகளையும் பெற்றுக்கொண்ட காவலன் அவன்.

அந்த அதிகாரம் எத்தகையது என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகம் கண்டது. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில்கூடப் பயண அனுமதிச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தீய நோக்கம் ஏதும் இல்லாத நிறுவனத்தின் ஒரு தவறே இவ்வளவு செய்யுமானால், தீய நோக்கமுள்ளவன் அந்த இடத்தில் அமர்ந்தால் என்ன ஆகும்?

கிராக் செய்த ஆன்ட்டிவைரஸை நிறுவுகிறவர் அந்த இடத்தைத்தான் அவனுக்குக் கொடுக்கிறார். அந்தக் கோப்போடு வரும் குறிப்பை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ‘முதலில் உங்கள் கணினியின் பாதுகாப்பை அணைத்துவிடுங்கள்’ என்றுதான் பெரும்பாலும் அது தொடங்கும். காவல் வைக்க வருகிறவன் முதலில் காவலை அகற்றச் சொல்கிறான், நாமும் அகற்றுகிறோம்! நிறுவனத்தின் நிரலைப் பிளந்து மாற்றியமைத்தவன் அதில் வேறு எதைச் சேர்த்தான் என்பதை நம்மில் யார் அறிவோம்? அவன் நமக்கு ஈகை செய்ய வேண்டிய தேவைதான் என்ன?

மார்க்கத்தின் தீர்ப்பிலும் இங்குக் குழப்பத்துக்கு இடமில்லை. ‘கண்ணுக்குத் தெரியாத பொருளில் திருட்டு ஏது?’ என்று வாதிடுவோர் உண்டு. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, வணிகப் பெயர், வணிகக் குறி, நூலாக்கம், கண்டுபிடிப்பு ஆகியவற்றின் உரிமைகள் உரியவர்களின் சொத்தே என்றும், அவற்றை மீறுதல் கூடாது என்றும் தீர்மானித்தது. பிறர் உழைப்பை அனுமதியின்றி எடுத்து, அதைக் கொண்டு நம் பொருளைக் காக்க முனைவது என்ன நியாயம்?

இலவசத்தின் விலை

‘அப்படியானால் இலவச ஆன்ட்டிவைரஸ் போதுமே, அது ஹலால்தானே’ என்பார்கள். சட்டப்படி சரி. ஆயினும் கொடுப்பவன் எதில் இலாபம் பார்க்கிறான் என்று கேட்காமல் வாங்குவது விவேகமன்று. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பயன்படுத்திய அவாஸ்ட், தன் பயனர்கள் பார்த்த வலைத்தளங்களின் விவரங்களைச் சேகரித்து, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தின் வழியாக விற்றது. செய்தி வெளியானதும் 2020 இல் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் அவாஸ்டுக்கு 1 கோடியே 65 இலட்சம் டாலர் விதித்தது. ஒருவரின் மத நம்பிக்கை, உடல்நலக் கவலை, அரசியல் சாய்வு ஆகியவற்றைக்கூட அந்த விவரங்களிலிருந்து அறிய முடிந்தது என்று ஆணையம் குற்றம் சாட்டியது. ஒற்றர்களிடமிருந்து காப்பதாகச் சொன்னவனே ஒற்றனானான். மத நம்பிக்கை விற்பனைச் சரக்காவது எங்கோ நடக்கும் செய்தி என்று கடந்துபோகும் நிலையில் நம் சமுதாயம் இருக்கிறதா?

பெயரைப் பார்த்து நம்புவோர்

இன்னொரு வகையினரும் உள்ளனர். மென்பொருளின் தரத்தைக் கேட்கமாட்டார்கள். அதை உருவாக்கியவர் எந்த நாட்டவர், எந்த மதத்தவர் என்று மட்டும் கேட்பார்கள். ‘இது நம்மவர் செய்தது, இதைப் போடுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதை ஆராயாமல் அடுத்தவருக்கும் அனுப்புவார்கள்.

அவர்களுக்கு இரண்டு செய்திகளை நினைவூட்டுகிறோம். ஐ.பி.எம். வகைக் கணினிகளைத் தாக்கிய முதல் வைரஸாக அறியப்படும் ‘பிரெய்ன்’ 1986 இல் லாகூரில் பிறந்தது. எழுதியவர்கள் பாசித், அம்ஜத் என்ற ஃபாரூக் அல்வி சகோதரர்கள். தங்கள் மருத்துவ மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் படியெடுப்போரைக் கண்டறியவே அதை எழுதியதாக அவர்கள் கூறினார்கள். முகவரியையும் தொலைபேசி எண்ணையும்கூட அதில் எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் அது அவர்கள் கையை மீறி நாடு கடந்து பரவியது. அடுத்தது, தொழுகை நேரம் காட்டும் ‘முஸ்லிம் புரோ’ செயலி. அதன் பயனர்களின் இருப்பிடத் தகவல் எக்ஸ்-மோட் என்ற தரவு வணிக நிறுவனத்துக்குச் சென்றது 2020 நவம்பரில் அம்பலமானது. அதன்பின் அந்நிறுவனத்துடனான தொடர்பை முறித்துக்கொள்வதாகச் செயலியினர் அறிவித்தனர். பெயரும் அடையாளமும் நாணயத்துக்குச் சான்றாகமாட்டா. கடையில் தராசைப் பார்த்தே பொருள் வாங்குகிறோம். கடைக்காரரின் தொப்பியைப் பார்த்தன்று. கணினிக்கும் அதே அளவுகோல்தான்.

எதைத் தேர்வது?

முதல் செய்தி பலருக்கு வியப்பளிக்கலாம். உரிமத்தோடு கூடிய விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள வீட்டுக் கணினியில் டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய சோதனை அமைப்புகள் தம் முடிவுகளை வலைத்தளத்தில் யாரும் காணும்படி வெளியிடுகின்றன. அவற்றில் டிஃபெண்டர் அண்மை ஆண்டுகளில் நல்ல மதிப்பெண்களே பெற்றுவருகிறது. அதை அணைக்காமல், புதுப்பிப்பைத் தடுக்காமல் வைத்திருந்தால் பெரும்பாலான குடும்பங்களுக்கு அதுவே போதும்.

பல கணினிகள் உள்ளவர்களும், பிள்ளைகளுக்கான கட்டுப்பாடுகளை விரும்புவோரும் பணம் கொடுத்து வாங்கலாம். 1991 இல் தொடங்கப்பட்ட சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் போன்ற நம் நாட்டு நிறுவனங்களும் இத்துறையில் உள்ளன. யாரிடம் வாங்கினாலும் மூன்றைக் கேளுங்கள்: சோதனை முடிவு என்ன? நம் தகவலை என்ன செய்கிறார்கள்? முதலாண்டுத் தள்ளுபடி முடிந்தபின் புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு? ஒன்றுக்கு இரண்டாக ஆன்ட்டிவைரஸ்களை ஏற்றாதீர்கள். அவை ஒன்றோடொன்று மோதிக் கணினியைத் திணறடிக்கும். ‘உங்கள் கணினியில் 40 வைரஸ்கள்’ என்று திரையில் மின்னும் விளம்பரத்தைக் கண்டு அஞ்சி எதையும் வாங்காதீர்கள்.

இரண்டாவது செய்தி இதைவிட முக்கியமானது. மென்பொருளின் ஓட்டையை அடைப்பது ஆன்ட்டிவைரஸின் வேலையன்று, புதுப்பிப்பின் வேலை. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற நச்சுநிரல் உலகைத் தாக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் பணயம் கேட்டது. ஆந்திரக் காவல்துறையின் கணினிகள் சிலவும் அதில் சிக்கின. அந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு மாதம் கதவு திறந்தே கிடந்தது. திருட்டு விண்டோஸ் போட்டு, ‘மாட்டிக்கொள்வோம்’ என்று புதுப்பிப்பை அணைத்து வைப்போர் அந்தக் கதவை ஆண்டு முழுவதும் திறந்து வைக்கிறார்கள்.

பழைய கணினிகளுக்கும் இது பொருந்தும். 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் பெற்ற கணினிகள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. விண்டோஸ் 7க்கான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2020 ஜனவரி 14 அன்றே நின்றது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு உண்டு. ஓட்டைக் குடத்துக்கு எத்தனை விலையுயர்ந்த மூடி போட்டாலும் நீர் ஒழுகவே செய்யும். புதிய விண்டோஸை ஏற்காத பழைய கணினிக்குக் கட்டணமற்ற, சட்டத்துக்கு உட்பட்ட லினக்ஸ் இருக்கிறது. அந்த மடிக்கணினிகளிலேயே சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ் லினக்ஸ்’ விண்டோஸுடன் சேர்த்து வழங்கப்பட்டதே!

மூன்றாவதாக, முக்கியக் கோப்புகளைத் தனி வன்தட்டில் நகலெடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். பிள்ளைகளுக்கு நிர்வாகி அதிகாரமில்லாத தனிக் கணக்கு கொடுங்கள். ஐயம் வந்தால், மத்திய அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திராவின் தளத்தில் இலவசத் துப்புரவுக் கருவிகள் கிடைக்கின்றன. பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

‘எல்லாம் அல்லாஹ் பார்த்துக்கொள்வான்’ என்று சொல்லித் தப்பிப்போருக்கும் ஒரு சொல். ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைப்பதா, கட்டிவிட்டு வைப்பதா என்ற கேள்விக்கு நபி (ஸல்) அவர்கள் தந்த விடையை மக்தப் பிள்ளையும் அறியும். அலட்சியத்துக்குத் தவக்குல் என்று பெயர் சூட்டுவது மார்க்கத்தின்மீது பழி போடுவதாகும்.

சகோதரர்களே! இந்த வாரமே உங்கள் கணினியைத் திறந்து, அதிலுள்ள காவலன் யார், அவன் எவ்வழியில் வந்தான் என்று பாருங்கள். கிராக் என்றால் இன்றே அகற்றுங்கள்; வெளியாளிடம் எல்லாச் சாவிகளும் இருந்த வீடு என்பதால், முடிந்தால் விண்டோஸையே புதிதாக நிறுவிவிட்டு, கடவுச்சொற்களையும் மாற்றிவிடுங்கள். பள்ளிவாசல் நிர்வாகிகள் அடுத்த கூட்டத்திலேயே மஹல்லாவின் கோப்புகள் யார் யார் கணினிகளில் உள்ளன என்று கேட்டு எழுதி வையுங்கள். அமானிதங்களைப் பற்றி நாம் விசாரிக்கப்படுவோம் என்பதை மறவாதிருப்போமாக.