ஐந்து சுரம், ஐந்து கட்டம்

கித்தார் கற்கும் பிள்ளைகள் நம் இல்லங்களில் பெருகி வருகின்றனர். மாற்றலுக்கு மேல் மாற்றலாக ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களுக்கு வீணைக்கும் வாய்ப்பாட்டுக்கும் ஆசிரியர் கிடைப்பது அரிது. கித்தார் ஆசிரியரோ எவ்வூரிலும் எளிதில் அகப்படுகின்றார். ‘நம் சங்கீதம் நம்மோடு போயிற்று’ என்று பெரியோர் வருந்துவதும், ‘அது வேறு, இது வேறு’ என்று பிள்ளைகள் ஒதுங்குவதும் பல வீடுகளில் நடப்பவை. இரு சாராரும் ஒரு பொருளையே இரு பெயரால் வழங்குகின்றனர் என்பதை நேயர்களுக்கு இம்மாதம் விளக்க முயல்கின்றேன்.

கித்தார் மாணவன் தொடக்கத்திலேயே பயில்வது ‘பெண்டாடானிக்’ என்னும் ஐந்து சுர வரிசை. ஏ, ஸி, டி, ஈ, ஜி என்னும் ஐந்தும் சேர்ந்தது ‘ஏ மைனர்’ வரிசை. வீணையில் நாம் மெட்டு என்பதைக் கித்தாரில் ‘ஃபிரெட்’ என்பர். ஒரு மெட்டு ஏறினால் அரைச்சுரம் ஏறும். 12 மெட்டு ஏறினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். தடித்த தந்தி ஆறாவது, மிக மெல்லியது முதலாவது.

முதற்கட்டம் 5-ஆம் மெட்டில் தொடங்குகின்றது. ஆறாம் தந்தியில் 5, 8. ஐந்து, நான்கு, மூன்றாம் தந்திகளில் 5, 7. இரண்டிலும் ஒன்றிலும் மீண்டும் 5, 8. தந்திக்கு இரண்டு சுரம். ஆட்காட்டி விரல் 5-ஆம் மெட்டைவிட்டு நகர வேண்டுவதில்லை. இரண்டாம் கட்டத்தை அதே தந்தி வரிசையில் கூறினால் 8-10, 7-10, 7-10, 7-9, 8-10, 8-10. உற்று நோக்குங்கள்: முதற்கட்டத்தின் மேல் எல்லையாகிய 8, 7, 7, 7, 8, 8 என்பதே இரண்டாம் கட்டத்தின் கீழ் எல்லை. பேரேட்டில் ஒரு பக்கத்தின் இறுதித் தொகை அடுத்த பக்கத்தின் தலையில் ஏறுவது போன்றதே இது. இவ்வாறே மூன்றும் நான்கும் தொடர்ந்து ஏறுகின்றன. ஐந்தாம் கட்டம் 14-க்கும் 17-க்கும் இடையில் அமைந்து, மறுபடி முதற்கட்டத்தில் கொண்டு சேர்க்கின்றது.

கட்டங்கள் ஏன் கோணலாக இருக்கின்றன என்று பிள்ளைகள் வினவுவதுண்டு. அடுத்தடுத்த தந்திகள் ச–ம என்னும் இடைவெளியில் சுருதி கூட்டப்பெற்றவை. மூன்றாம் தந்திக்கும் இரண்டாம் தந்திக்கும் இடையில் மட்டும் அது ச–அந்தர காந்தாரம், அதாவது அரைச்சுரம் குறைவு. ஆகவே அவ்விடத்தில் உருவம் ஒரு மெட்டு மேலே தள்ளிப்போகின்றது. இக்காரணத்தைக் கூறாமல் படத்தை மட்டும் கொடுத்து மனப்பாடம் செய்விப்பது எனக்கு உடன்பாடன்று.

முதற்கட்டத்திலேயே ஆண்டுக்கணக்கில் குடியிருப்போர் பலர். அதற்கு மருந்து ஒரே தந்தியில் நெடுக வாசிப்பது. ஆறாம் தந்தியில் 3, 5, 8, 10, 12, 15, 17 என்று ஏறி இறங்கப் பழகினால் கட்டங்களின் வாயில்கள் யாவும் தாமே புலப்படும்.

இனி நம் பெரியோர்க்கு உரியது. ஏ சுரத்தை ஷட்ஜமாகக் கொண்டால் இவ்வைந்தும் சுத்த தன்யாசியின் சுரங்கள். ஸியை ஷட்ஜமாகக் கொண்டால் மோகனம். டியைக் கொண்டால் மத்தியமாவதி. ஈயைக் கொண்டால் இந்தோளம். ஜியைக் கொண்டால் சுத்த சாவேரி. ஒரு சுரமும் மாறவில்லை. ஆதாரம் மட்டுமே மாறிற்று. இதனையே நம்மவர் கிரகபேதம் என்றனர். மோகனத்தைப் பூபாலி என்றும், இந்தோளத்தை மால்கௌன்ஸ் என்றும், சுத்த சாவேரியைத் துர்கா என்றும் அண்டை வீட்டு வடநாட்டு அன்பர்கள் அறிவார்கள்.

வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். கைப்பேசியில் தம்புரா ஒலியை 6 கட்டைக்கு வைத்து முதற்கட்டத்தை மெல்ல வாசிக்கச் செய்யுங்கள். பிறகு பிள்ளையின் விரலை மாற்றாமல் தம்புராவை மட்டும் 1 கட்டைக்கு மாற்றுங்கள். ஸியில் வந்து நிற்கச் சொல்லுங்கள். தம்புரா இல்லையெனினும் குறையில்லை. மெட்டில் அழுத்தாமல் மீட்டும் ஆறாம் தந்தி ஈ, ஐந்தாவது ஏ, நான்காவது டி, மூன்றாவது ஜி. ஆதலின் நான்கு இராகங்களுக்குக் கித்தாரே சுருதி தருகின்றது. மோகனத்திற்கு மட்டும் வெளித்துணை வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் ஒரு சிறுவன் இரண்டாம் கட்டத்தைப் பயின்றுகொண்டிருந்தான். சமையலறையிலிருந்த பாட்டி, “ஏண்டா கண்ணா, மோகனம் வாசிக்கிறாயே, யார் சொல்லிக் கொடுத்தார்கள்?” என்று கேட்டார். “இது ஸி மேஜர் பெண்டாடானிக், பாட்டி” என்றான் அவன். பாட்டி கையைத் துடைத்துக்கொண்டு வந்து அருகில் அமர்ந்து, தமக்குத் தெரிந்த கீதம் ஒன்றைப் பாடினார். அவன் பாட்டைத் தேடித் தேடி வாசித்தான். அன்று வீட்டில் இரவு உணவு தாமதமாயிற்று என்று கேள்வி.

ஆனால் சுரம் ஐந்தும் கிடைத்தமையால் இராகம் கிடைத்துவிட்டதாக எண்ணலாகாது. இந்தோளத்தின் கமகம் மெட்டின்மேல் விரலை வைத்த மாத்திரத்தில் வாராது. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒலியை ஏற்ற வேண்டும். வீணையில் செய்வதும் அதுவே. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ‘புளூஸ்’ இசையில் பி. பி. கிங் (1925–2015) செய்ததும் ஏறக்குறைய அதுவே. வேகத்தைக் காட்டிலும் இவ்விழுப்பைப் பயில்வது மேல் என்பது என் கருத்து. பிடில் அயல்நாட்டு வாத்தியமே. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதனைக் கற்று நம் இசைக்கு ஆக்கினார். கித்தாரில் இராகம் வாசிப்போரும் இன்று உளர்.

மூன்று, நான்காம் கட்டங்களின் மெட்டெண்களை நேயர்கள் தாமே எழுதிப் பார்க்கட்டும். ஒன்றின் மேல் எல்லை அடுத்ததன் கீழ் எல்லை என்னும் விதி போதும். சரியான விடையை அடுத்த இதழில் தருகின்றேன்.