எவ்வளவு வேணும்? எவ்வளவு போதும்?

காலேஜ் வாசல், பஸ் ஸ்டாண்ட், வாட்ஸ்அப் குரூப்... எங்கே பார்த்தாலும் ஏதோ ஒரு நல்ல காரியத்துக்கு நிதி திரட்டுகிறார்கள். "எங்கள் இலக்கு 10 லட்சம்" என்று போஸ்டர். பக்கத்திலேயே ஒரு தெர்மாமீட்டர் படம், அதில் பாதி வரை சிவப்பு. எனக்கு உடனே வரும் சந்தேகம்: அதென்ன சரியாக 10 லட்சம்? ஏன் ஒன்பதே கால் இல்லை? ஏன் பதிமூன்று இல்லை?

பி.காம் படிப்பவனின் வியாதி என்று நீங்கள் சிரிக்கலாம் :-) ஆனால் அந்த முழு எண் பெரும்பாலும் எப்படிப் பிறக்கிறது? "போன வருஷம் 8 வந்துச்சு, இந்த வருஷம் 10 வச்சுக்கலாம்." அவ்வளவுதான். இது இலக்கு இல்லை, ஆசை.

இலக்கு என்பது செய்யப்போகும் வேலையின் செலவிலிருந்து வர வேண்டும் என்பது என் கட்சி. சும்மா ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். ஒரு சின்ன டிரஸ்ட், 40 குழந்தைகளுக்கு ஜூன் முதல் மார்ச் வரை 10 மாதம் மாலை வகுப்பு நடத்தப் போகிறது. இரண்டு ஆசிரியர்களுக்கு ஆளுக்கு மாதம் 6,000. வாடகை 3,000. சுண்டல், பிஸ்கட் செலவு மாதம் 8,000. ஆக, மாதச் செலவு 23,000. பத்து மாதத்துக்கு 2,30,000. ஆரம்பத்தில் நோட்டுப் புத்தகத்துக்கு ஒரு 20,000. மொத்தம் இரண்டரை லட்சம். கையிருப்பு 50,000 என்றால், திரட்ட வேண்டியது 2 லட்சம். யார் வந்து "ஏன் 2 லட்சம்?" என்று கேட்டாலும் இப்போது பதில் இருக்கிறது.

சரி, இலக்கு வைத்தாச்சு. அடுத்து, எவ்வளவு வந்தது என்று பார்ப்பது. இங்கேதான் பலர் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

ஒன்றரை லட்சம் தருவதாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள். அதில் கைக்கு வந்தது 70,000. கையிருப்பையும் வாக்குறுதியையும் சேர்த்து "80 சதவீதம் எட்டிவிட்டோம்!" என்று போஸ்டர் அடிக்கலாம். பாங்க் பாஸ்புக்கைக் கேட்டால் அது வேறு கதை சொல்லும். கையில் இருப்பது 1,20,000, அதாவது 48 சதவீதம். தருகிறேன் என்பதும் தந்தேன் என்பதும் ஒன்றில்லை. இரண்டுக்கும் தனித்தனி காலம் போட்டு எழுத வேண்டும். தருகிறேன் என்றவர் எந்தத் தேதிக்குத் தருவார் என்பதற்கு மூன்றாவதாக ஒரு காலம்.

அந்த 48 சதவீதமும் முழு விஷயத்தைச் சொல்லவில்லை. நோட்டுப் புத்தகச் செலவு போக மீதி ஒரு லட்சம். மாதம் 23,000 என்றால் நான்கு மாதம் ஓடும். அதாவது செப்டம்பர் வரை வகுப்பு உண்டு, அக்டோபருக்குப் பணம் இல்லை. இப்படிச் சொல்லிப் பாருங்கள். கேட்பவருக்கும் உறைக்கும், நடத்துபவருக்கும் உறைக்கும். சதவீதத்தைப் பார்த்துக் கைதட்டலாம், ஆனால் அக்டோபர் மாதம் ஆசிரியருக்குச் சம்பளம் தர முடியாது.

பெரிய தொகைக்கும் இதே விதிதான். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைக்கத் திரட்டியது 60 லட்சம் டாலர். அந்தத் தொகை யாரோ ஆசைப்பட்டு வைத்தது இல்லை. அதை மூலதனமாகப் போட்டு, அதிலிருந்து வரும் வருமானத்தில் இருக்கையை நிரந்தரமாக நடத்துவதற்குப் பல்கலைக்கழகம் கேட்ட தொகை. அமெரிக்காவில் வாழும் இரண்டு தமிழ் மருத்துவர்கள் ஆளுக்கு 5 லட்சம் டாலர் தர முன்வந்தார்கள், தமிழக அரசு 2017-ல் 10 கோடி ரூபாய் அறிவித்தது, உலகம் முழுக்க உள்ள தமிழர்கள் முடிந்ததைக் கொடுத்தார்கள். 2018-ல் இலக்கு நிறைவேறியது. எதற்கு, எவ்வளவு, எட்டினால் என்ன கிடைக்கும் என்ற மூன்றும் தெரிந்ததால் சின்னத் தொகை கொடுத்தவருக்கும் தன் பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தது.

"நல்ல காரியத்துக்குத்தானே, இலக்குக்கு மேல் வந்தால் என்ன குறைஞ்சு போச்சு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்கு நான் சொல்வது சுனாமி கதை.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. நாகப்பட்டினம் முதல் இந்தோனேஷியாவின் அச்சே வரை பேரழிவு. உலகமே பணத்தை வாரிக் கொடுத்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2005 ஜனவரி முதல் வாரத்திலேயே ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சுனாமிப் பகுதியில் தாங்கள் திட்டமிட்ட வேலைக்குப் போதுமான பணம் வந்துவிட்டது, இனி இதற்கென்று அனுப்ப வேண்டாம் என்று! கூடுதலாக வந்ததை வேறு நெருக்கடிகளுக்குச் செலவிடலாமா என்று கொடுத்தவர்களிடமே அனுமதி கேட்டது. மற்ற தொண்டு நிறுவனங்கள் சில கோபப்பட்டன. இதைக் கேட்டால் மக்கள் கொடுப்பதையே நிறுத்திவிடுவார்கள் என்ற பயம்.

எனக்கு அந்த அமைப்பின் மேல் மரியாதை கூடியது. சுனாமிக்கென்று கொடுத்த பணம் சுனாமிக்கு மட்டும்தான். வேலைக்கு மேல் குவிந்தால் ஒன்று அது பாங்கில் தூங்கும், இல்லை தேவையில்லாத செலவைத் தேடிப் போகும். அதே நேரத்தில் சூடானின் டார்ஃபுரில் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் வழியில்லாத மக்கள் காத்திருந்தார்கள்.

"போதும்" என்று சொல்ல அவர்களால் எப்படி முடிந்தது? என்ன வேலை செய்யப் போகிறோம், அதற்கு எவ்வளவு ஆகும் என்ற கணக்கு கையில் இருந்தது. ஆசையை இலக்காக வைத்தவரால் அந்த வார்த்தையைச் சொல்லவே முடியாது. 10 லட்சம் வந்தால் அடுத்து 12 என்பார்.

அதனால் அடுத்த முறை யாராவது உண்டியலோடு வந்தால் தாராளமாகப் போடுங்கள். கூடவே இரண்டு கேள்வியும் கேளுங்கள். இந்தத் தொகை எப்படி வந்தது? இதுவரை கைக்கு வந்த பணத்தில் வேலை எந்த மாதம் வரை ஓடும்? நல்லபடி நடத்துபவர் கோபப்பட மாட்டார். நோட்டை எடுத்துக் காட்டுவார்.